நான்கு நியூட்ரான்கள்: ஆறு பதிவுகளிலிருந்து ஒரு முகடு வரை

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையின் சாரத்தை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம்: ஆறு. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், கான் நகரில் உள்ள கனில் துகள்முடுக்கி ஆய்வகத்தில் மார்க்கெஸும் அவருடைய குழுவினரும் எடுத்த தரவு அது. பெருந்தொகையான மோதல்களைச் சலித்துப் பார்த்ததில் கடைசியாக ஆறு பதிவுகள் தங்கின. புரோட்டானே சேராமல் நான்கு நியூட்ரான்கள் மட்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பறந்து வந்து கருவியில் மோதினால் எப்படி இருக்குமோ, அந்த ஆறும் அப்படி இருந்தன.

அப்படி ஒரு பொருள் இருந்தால் அதற்குப் பெயர் டெட்ராநியூட்ரான். மின்னூட்டம் இல்லாத, எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்ள முடியாத, அணு எண் பூஜ்ஜியமான ஓர் அணுக்கரு. அந்த ஆறு பதிவுகளிலிருந்து 2022-இல் ஜப்பானில் கிடைத்த தெளிவான முகடு (அளவீட்டு வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் மேடு) வரைக்கும், அதற்குப் பின் அந்த முகட்டைச் சுற்றி எழுந்த விவாதம் வரைக்கும், இந்த வழக்கை இங்கே படிப்படியாகப் பார்க்கிறேன். கண்ணால் பார்க்க முடியாத, கருவியிலும் நேரடியாகப் படாத ஒன்றை "கண்டோம்" என்று எந்தக் கட்டத்தில் சொல்லலாம் என்ற கேள்வி இதைவிடக் கூர்மையாக எழுந்த இடம் அணுக்கரு இயற்பியலில் குறைவு.

மயிரிழையில் தவறும் பிணைப்பு

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தால் டியூட்டெரான். அதைப் பிரிக்க 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். (இந்த அலகை இனி எம்.இ.வி. என்றே எழுதுகிறேன்.) புரோட்டானுக்குப் பதில் இன்னொரு நியூட்ரானை வைத்தால் பிணைப்பு கிடைப்பதில்லை. ஆனால் எவ்வளவில் தவறுகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஏறத்தாழ 0.1 எம்.இ.வி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, அந்த நிலைதான். ஈர்ப்பு இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. பூட்டிக்கொள்வதற்கு மட்டும் சற்றுப் போதவில்லை.

இரண்டுக்கு இவ்வளவு நெருக்கம் என்றால் நான்கு சேர்ந்தால் என்ன ஆகும்? இந்த ஆசைக்கு ஹீலியம் குடும்பம் தீனி போடுகிறது. ஹீலியம்-4, அதாவது ஆல்ஃபா துகள், கல் போன்றது. அதில் ஒரு நியூட்ரானைச் சேர்த்து ஹீலியம்-5 ஆக்கினால் நிற்காது. இரண்டைச் சேர்த்தால் ஹீலியம்-6 நிற்கிறது. மூன்றைச் சேர்த்தால் ஹீலியம்-7 நிற்காது. நான்கைச் சேர்த்தால் ஹீலியம்-8 மறுபடியும் நிற்கிறது. அதன் அரை ஆயுள் 119 மில்லிவினாடி. நியூட்ரான்கள் இணையிணையாக வந்தால் மட்டும் குடியேற முடிகிறது. அப்படியானால் நடுவிலிருக்கும் ஆல்ஃபாவை எடுத்துவிட்டால் அந்த இரண்டு இணைகளும் தாமாகச் சற்று நேரம் சேர்ந்திருக்குமா?

தடையும் அங்கேயே இருக்கிறது. பாலியின் தவிர்ப்பு விதிப்படி மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில், எதிரெதிர்த் தற்சுழற்சியுடன், இரண்டு நியூட்ரான்களுக்குத்தான் இடம். மூன்றாவதும் நான்காவதும் மாடியேற வேண்டும். ஏறுவதற்கான ஆற்றல் ஈர்ப்பால் கிடைப்பதைத் தின்றுவிடுகிறது.

இதற்கு இத்தனை பாடு எதற்கு என்றால், நியூட்ரான் விண்மீன்களின் உள்ளே நிலவும் அழுத்தத்தைக் கணிக்க நியூட்ரான்களுக்கிடையே உள்ள விசை தெரிய வேண்டும். இரண்டுக்கு இடையேயான விசையை ஓரளவு அளந்திருக்கிறோம். மூன்று நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பாதிக்கும்போது கூடுதலாக என்ன நடக்கிறது என்பதை நேரடியாக அளக்க வழி மிகக் குறைவு. தனி நியூட்ரானின் ஆயுள் கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதை இலக்காக அடுக்கி வைத்து மோத முடியாது. நான்கு நியூட்ரான் கூட்டம் ஒரு நொடிப்பொழுது கிடைத்தாலும் அந்த விசைக்கு அது ஒரு சோதனைக்கூடம்.

1960-களின் வெறுங்கை

தேடல் புதிதல்ல. 1963-இலேயே ஷிஃபரும் வாண்டன்போஷும் அணுக்கருப் பிளவில் டெட்ராநியூட்ரான் வெளிவருகிறதா என்று தேடினார்கள். அது நிலையாக இருந்து இன்னொரு அணுக்கருவில் மோதினால், சாதாரண நியூட்ரானால் உண்டாக்க முடியாத கதிரியக்கப் பொருள் உண்டாகும். அந்தத் தடயத்தைத்தான் நாடினார்கள். கிடைக்கவில்லை. பிறகு பையான்கள் என்ற குறுவாழ்வுத் துகள்கள் வந்தன. எதிர்மின் பையானை ஹீலியம்-4 மேல் ஏவி, நேர்மின் பையான் வெளிவந்தால் உள்ளே இரண்டு புரோட்டான்களும் நியூட்ரான்களாக மாறிவிட்டன என்று பொருள். மிஞ்சுவது நான்கு நியூட்ரான்கள். அழகான வழி, ஆனால் அதிலும் தெளிவான தடயம் இல்லை. பையான் அடிக்கும் அடியில் நியூட்ரான்கள் பலமாக உந்தப்படுகின்றன. சேர்ந்திருக்கும் வாய்ப்பு இருந்தால்கூட அந்த உந்துதலே கெடுத்துவிடும். இந்தக் குறையைப் பின்னால் எப்படிக் கடந்தார்கள் என்பதுதான் இந்த வழக்கின் சுவையான பகுதி.

கனில்: அந்த ஆறு பதிவுகள்

மார்க்கெஸ் குழு எடுத்துக்கொண்டது பெரிலியம்-14. நான்கு புரோட்டான், பத்து நியூட்ரான். வெளி நியூட்ரான்கள் மெலிதாகப் படர்ந்து, தளர்வாக ஒட்டியிருக்கும் அணுக்கரு. அதை ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) 35 எம்.இ.வி. ஆற்றலில் கார்பன் இலக்கின் மேல் ஏவினார்கள். உடையும்போது பெரிலியம்-10 ஒருபக்கம், நான்கு நியூட்ரான்கள் மறுபக்கம். பெரிலியம்-10 பதிவான அதே கணத்தில் நியூட்ரான் கருவியில் என்ன வந்தது என்பதைப் பார்ப்பதே திட்டம்.

நியூட்ரான் கருவியின் பெயர் டெமான். திரவ ஒளிர்பொருள் நிரப்பிய கலன்களின் அணிவரிசை அது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அது நேரடியாகத் தடம் விடாது. திரவத்திலுள்ள ஹைட்ரஜன் கருவை, அதாவது ஒரு புரோட்டானை, அது முட்டித் தள்ளும். தள்ளப்பட்ட புரோட்டான் திரவத்தில் ஓடும்போது ஒளி எழும். அந்த ஒளியின் அளவு புரோட்டானுக்குக் கிடைத்த ஆற்றலைச் சொல்லும். நியூட்ரான் இலக்கிலிருந்து கலனுக்கு வந்துசேர எடுத்த நேரம் அதன் வேகத்தைச் சொல்லும். ஆக ஒரே பதிவுக்கு இரண்டு எண்கள்.

இந்த இரண்டு எண்களை ஒப்பிடுவதில்தான் சூட்சுமம். வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு நியூட்ரானுக்கு 15 எம்.இ.வி. என்று வருவதாக வைத்துக்கொள்வோம். தனி நியூட்ரான் ஒரு புரோட்டானுக்கு அதிகபட்சம் கொடுக்கக்கூடியது அந்த 15-தான். நேருக்கு நேர் மோதினால் முழுவதையும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதே வேகத்தில் நான்கும் ஒட்டிக்கொண்டு வந்தால் மொத்த ஆற்றல் 60. நான்கு மடங்கு நிறையுள்ள பொருள் ஒரு மடங்கு நிறையுள்ளதை நேருக்கு நேர் மோதினால் கடத்தக்கூடியது மொத்தத்தில் 64 விழுக்காடு. அதாவது 38 எம்.இ.வி.க்குச் சற்று மேல். ஒளி சொல்லும் ஆற்றலுக்கும் வேகம் சொல்லும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் தனி நியூட்ரானுக்கு 1-ஐத் தாண்டக் கூடாது, டெட்ராநியூட்ரானுக்கு 2.56 வரை போகலாம். கருவியின் துல்லியக் குறைவுக்கு இடம் விட்டு, விகிதம் 1.4-க்கு மேல் இருப்பவற்றை மட்டும் எடுத்தார்கள். பெரிலியம்-10 உடன் சேர்ந்து வந்தவற்றில் ஆறு நின்றன.

மறுப்புக்கு உடனே வழியிருந்தது, அதை மார்க்கெஸ் குழுவே அறிந்திருந்தது. தனித்தனி நியூட்ரான்கள் இரண்டு ஒரே கலனில் ஒரே சமயத்தில் விழுந்தால் ஒளி கூடிவிடும், விகிதமும் உயரும். இது எத்தனை முறை நடக்கும் என்று கணக்கிட்டு, ஆறுக்குப் போதாது என்று காட்டினார்கள். 2003-இல் பெர்டுலானியும் செலெவின்ஸ்கியும் கோட்பாட்டு நோக்கிலும், 2004-இல் ஷெரில், பெர்டுலானி இருவரும் மோதல் நோக்கிலும் இதை ஆராய்ந்தார்கள். ஷெரில்–பெர்டுலானி எழுப்பிய ஐயம் கூர்மையானது: இவ்வளவு தளர்வாகப் பிணைந்த ஒன்று ஒரு புரோட்டானை முட்டினால், முழுதாக நின்று முட்டித் தள்ளுமா, அல்லது அந்த இடத்திலேயே சிதறிப்போகுமா? சிதறும் என்பதே பொதுப்புத்திக்கும் பொருந்துகிறது.

2005-இல் மார்க்கெஸ் தரப்பே ஒரு திருத்தமான பார்வையை முன்வைத்தது. நான்கும் பிணைந்த பொருளாக இருக்கத் தேவையில்லை. மிகக் குறுகிய நேரம் சேர்ந்திருந்து பிரியும் ஒத்ததிர்வு நிலையாக இருந்தாலும், பிரிந்த நியூட்ரான்கள் நெருக்கமாகப் பறந்துவந்து ஒரே கலனில் விழும் வாய்ப்பு கூடும். அதுவும் அந்த ஆறு பதிவுகளை விளக்கலாம். தாங்கள் முதலில் சொன்னதைத் தாங்களே இப்படித் தளர்த்திக்கொண்ட நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆறு பதிவுகளை வைத்துக்கொண்டு அடம்பிடிப்பது எளிது.

இதற்கிடையே 2003-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பைப்பர் கணினிக் கணக்கு ஒன்றைச் செய்தார். நாம் அறிந்த அணுக்கரு விசையை டெட்ராநியூட்ரான் பிணையும் அளவுக்குத் திருத்த முடியுமா? திருத்தலாம், ஆனால் அப்படித் திருத்தினால் அதே விசை மற்ற அணுக்கருக்களுக்குச் சரியாகச் சொல்லிவந்த விடைகள் எல்லாம் சரிந்துபோகும். நான்கு நியூட்ரான்களைக் கட்டிப்போடப் போய் அட்டவணையின் மற்ற வீடுகள் இடிந்துவிழும். பிணைந்த டெட்ராநியூட்ரான் உண்மையென்றால், அணுக்கரு விசை பற்றிய நமது புரிதலைப் பெரிதாக மாற்ற வேண்டிவரும் என்பதே அவர் முடிவு. பிணையாத, நொடிப்பொழுது நிலை ஒன்றுக்கு அந்தக் கணக்கு கதவைச் சாத்திவிடவில்லை.

ரிக்கென்: நான்கு பதிவுகள்

அடுத்த பெரிய அடி ஜப்பானில் விழுந்தது. டோக்கியோவுக்கு அருகே வாக்கோவில் உள்ள ரிக்கென் நிறுவனத்தின் கதிரியக்க அணுக்கருக் கற்றை வசதியில் கிசாமோரி, ஷிமோரா ஆகியோரின் குழு செய்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது.

பையான் சோதனையின் குறையை இவர்கள் எதிர்கொண்ட விதம் அருமை. இலக்கு அதே ஹீலியம்-4, திரவமாக. ஏவியது ஹீலியம்-8 கற்றை, நியூக்ளியானுக்கு 186 எம்.இ.வி. ஆற்றலில். வேகமாக வரும் ஹீலியம்-8, இலக்கிலுள்ள ஹீலியம்-4-இடமிருந்து இரண்டு மின்னூட்டங்களைப் பறித்துக்கொண்டு பெரிலியம்-8 ஆகிறது. இழந்தது நான்கு நியூட்ரான்களாக நிற்கிறது. ஹீலியம்-8 உள்ளே நிறைய ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும் கரு; அது பெரிலியம்-8 ஆக மாறும்போது வெளிவிடும் ஆற்றல், நான்கு நியூட்ரான்களை உண்டாக்கச் செலவாகும் ஆற்றலை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே அந்த நான்கும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே, உதையில்லாமல் பிறக்கின்றன. கண்ணாடிக் கிண்ணத்தை மேசையில் தூக்கிப் போடுவதற்கும் இறக்கி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த நான்கையும் யாரும் பார்க்கவில்லை. பெரிலியம்-8 உடனே இரண்டு ஆல்ஃபாக்களாகப் பிரியும். அந்த இரண்டையும் ஷாராக் என்ற நிறமாலைமானியில் துல்லியமாக அளந்தார்கள். உள்ளே போனதன் ஆற்றலும் உந்தமும் தெரியும், வெளியே வந்ததன் ஆற்றலும் உந்தமும் தெரியும். கணக்கில் குறைவதுதான் நான்கு நியூட்ரான்கள் கொண்டுபோனது. கடைக்கணக்கில் வரவையும் செலவையும் வைத்துக் கல்லாவில் இருக்க வேண்டியதைச் சொல்வதுபோல. இதை விடுபட்ட நிறை முறை என்கிறார்கள்.

நான்கு பதிவுகள் கிடைத்தன. நான்கு தனி நியூட்ரான்களின் ஆற்றல் வாசலிலிருந்து (நான்கும் பிரிந்து அசையாமல் நிற்கும்போது உள்ள ஆற்றல் அது; அதற்குக் கீழே போனால் பிணைந்தவை) 0.83 எம்.இ.வி. மேலே, அதில் புள்ளியியல் பிழை 0.65, கருவிசார் பிழை 1.25. அகலம், அதாவது அந்த நிலையின் ஆற்றல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது (ஆயுள் குறைய அகலம் கூடும்), 2.6 எம்.இ.வி.க்குள். புள்ளியியல் வலு 4.9 சிக்மா (இந்த எண் கூடக்கூட, தற்செயலாக அப்படி வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). பிழைகளைப் பாருங்கள்: 0.83-இலிருந்து 1.25 கழித்தால் வாசலுக்குக் கீழே போய்விடும். அதாவது பிணைந்ததா பிணையாததா என்பதைக்கூட இந்த எண் தீர்த்துவைக்கவில்லை. பின்னணித் தொல்லையும் இருந்தது. கற்றையின் ஒரே துடிப்பில் இரண்டு ஹீலியம்-8 வந்து, இரண்டும் தனித்தனியே உடைந்து ஆளுக்கொரு ஆல்ஃபாவைக் கொடுத்தால், அது பெரிலியம்-8 போலவே தோன்றும். அதைப் பிரித்தெடுக்க அவர்கள் பட்ட பாடு கட்டுரையில் தெரிகிறது. இருந்தாலும் நான்கு என்பது நான்குதான்.

கோட்பாட்டாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அதே 2016-இல் ஷிரோக்கோவ் குழு 0.8 எம்.இ.வி. அளவில், 1.4 எம்.இ.வி. அகலத்துடன் ஒத்ததிர்வு நிலை ஒன்று இருக்கும் என்று கணித்தது. ஹியாமா, லசௌஸ்காஸ், கார்போனெல், கமிமுரா நால்வரும் அதே ஆண்டு வேறு கணக்கைப் போட்டு, அப்படி நிலை உருவாக வேண்டுமானால் மூன்று நியூட்ரான்களுக்கிடையே நம்பமுடியாத அளவு பலமான ஈர்ப்பு வேண்டும் என்று காட்டினார்கள். 2018-இல் டெல்டுவாவின் கணக்கும் ஒத்ததிர்வு இல்லை என்ற பக்கமே நின்றது.

2022: ஆல்ஃபாவை மட்டும் தட்டியெடுத்தல்

ரிக்கெனிலேயே சாமுராய் என்ற பெரிய காந்த நிறமாலைமானியில் நடந்தது அடுத்த சோதனை. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேய்த்தல் டூயர் முதல் ஆசிரியர். தாமஸ் ஔமானும் ஸ்டெஃபனோஸ் பஸ்காலிசும் முன்னின்றவர்கள். கட்டுரை 2022 ஜூனில் நேச்சர் இதழில் வந்தது.

கோலி விளையாடியவர்களுக்கு இந்தச் சோதனை உடனே புரியும். கும்பலாகக் கிடக்கும் குண்டுகளில் நடுக்குண்டை மட்டும் தெறிக்க அடித்து, மற்றவை அசையாமல் கிடக்க வேண்டும். இங்கே கும்பல் ஹீலியம்-8. நடுக்குண்டு அதன் ஆல்ஃபா. அடிப்பது ஒரு புரோட்டான். ஆக்சிஜன்-18 கற்றையைப் பெரிலியத்தில் மோதி, உடைந்த துண்டுகளிலிருந்து ஹீலியம்-8-ஐப் பிரித்தெடுத்து, நியூக்ளியானுக்கு 156 எம்.இ.வி. ஆற்றலில் திரவ ஹைட்ரஜன் மேல் விட்டார்கள். ஆகவே நடைமுறையில் கும்பல்தான் பறந்து வருகிறது, அடிக்கும் புரோட்டான் நிற்கிறது. ஒப்புநோக்கில் இரண்டும் ஒன்றுதான்.

நேருக்கு நேர் மோதலைப் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நிறையுள்ள ஆல்ஃபா 1 என்ற வேகத்தில் வந்து, நிற்கும் புரோட்டானை முட்டுகிறது. புரோட்டான் 1.6 வேகத்தில் முன்னால் பாய்கிறது, ஆல்ஃபா 0.6-ஆகத் தளர்கிறது. நியூட்ரான்கள் நான்கும் எதுவும் நடக்காததுபோல் அதே 1 வேகத்தில் போகின்றன. (உண்மையில் ஒளிவேகத்தின் பாதியளவு என்பதால் சார்பியல் திருத்தம் வேண்டும், படம் மாறாது.) புரோட்டான் முந்திவிட்டது, ஆல்ஃபா பின்தங்கிவிட்டது, நடுவே நியூட்ரான்கள் தனியே விடப்பட்டன. இவ்வகை நேர்மோதல்களை மட்டும் பொறுக்கியதால், வெளியே போகும் துகள்கள் நியூட்ரான்களைத் தொட்டுக் கலைக்கும் வாய்ப்பு மிகக் குறைந்தது. அந்தப் புரோட்டானையும் ஆல்ஃபாவையும் அளந்து, மிஞ்சியதை மறுபடியும் விடுபட்ட நிறைக் கணக்கில் எடுத்தார்கள்.

இம்முறை ஒரு கை விரல்களில் எண்ணும் கணக்கு இல்லை. அகலமாகப் பரவிய பின்னணிக்கு முன்னால், தாழ்ந்த ஆற்றலில் தனியாக ஒரு முகடு எழுந்து நின்றது. இடம் 2.37 எம்.இ.வி., புள்ளியியல் பிழை 0.38, கருவிசார் பிழை 0.44. அகலம் 1.75 எம்.இ.வி. புள்ளியியல் வலு 5 சிக்மாவை நன்றாகத் தாண்டியது. 2016-இன் 0.83 உடன் இது முரண்படுகிறதா என்றால், அந்த எண்ணின் பிழைகளை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது இல்லை.

இந்தக் கட்டுரையில் என்னை மிகவும் ஈர்த்தது முகடு அல்ல, அதன் பக்கத்தில் செய்த ஒப்பீட்டுச் சோதனை. அதே கருவி, அதே முறை. ஹீலியம்-8-க்குப் பதில் ஹீலியம்-6. ஆல்ஃபாவைத் தட்டியெடுத்தால் மிஞ்சுவது இரண்டு நியூட்ரான்கள். இரண்டு நியூட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். கோட்பாடு சொன்ன வடிவமே, வாசலுக்கு மிக அருகே, தாழ்ந்த ஆற்றலில் ஒரு முகடாக வந்தது. கருவி சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அதே சாட்சி இன்னொன்றையும் சொல்கிறது. இரு நியூட்ரான்களுக்கு ஒத்ததிர்வு நிலை எதுவும் கிடையாது. அது இயற்பியலாளர்கள் யாரும் மறுக்காத செய்தி. இருந்தும் முகடு வந்தது! ஈர்ப்புள்ள துகள்கள் நெருக்கமாகப் பிறந்து பிரியும்போது, தாழ்ந்த ஆற்றலில் குவியும். அதற்கு அவை ஒரு நிலையாக உறைந்திருக்க வேண்டியதில்லை. ஆக, முகடு இருப்பதால் நிலை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதை அந்த ஒப்பீட்டுச் சோதனையே கையில் கொடுத்துவிட்டது. கட்டுரையின் தலைப்பும் கவனமானது: தொடர்புகொண்ட நான்கு நியூட்ரான் தொகுதி ஒன்றைக் கண்டோம் என்கிறது, புதிய துகள் என்று எங்கும் முரசறையவில்லை. செய்தித் தலைப்புகள் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை.

3.8 × 10⁻²² வினாடியில் என்ன நடக்கும்

1.75 எம்.இ.வி. அகலத்தை ஹைசன்பர்க் உறவின்படி காலமாக மாற்றினால் ஏறத்தாழ 3.8 × 10⁻²² வினாடி வருகிறது. இது நீண்டதா குறுகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் போட்ட எளிய கணக்கு இது. 2.37 எம்.இ.வி.யை நான்காகப் பங்கிட்டால் ஒரு நியூட்ரானுக்கு 0.6 எம்.இ.வி.க்குச் சற்றுக் குறைவு. அந்த ஆற்றலில் நியூட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் 3.6 விழுக்காடு அளவு. அந்த வேகத்தில் 3.8 × 10⁻²² வினாடியில் அது கடக்கும் தூரம் சுமார் 4 ஃபெம்டோமீட்டர். ஒரு சிறிய அணுக்கருவின் குறுக்களவும் அதே தரத்தில்தான் இருக்கிறது.

அதாவது, நான்கும் "சேர்ந்திருந்த" காலம், ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் அவரவர் வழியில் வெளியேற ஆகும் காலத்தைவிடப் பெரிதாக நீளவில்லை. உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதற்கும், வாசலைக் கடக்கையில் பார்த்துத் தலையசைத்ததற்கும் இடையே எங்கோ ஓரிடம். இந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் "நிலை" என்ற சொல்லின் மேல் எனக்குத் தயக்கம் வந்தது.

2023-இல் லசௌஸ்காஸ், ஹியாமா, கார்போனெல் மூவரும் அந்தத் தயக்கத்துக்குக் கணக்கு வடிவம் கொடுத்தார்கள். ஹீலியம்-8-க்குள் நான்கு நியூட்ரான்களும் ஏற்கனவே ஆல்ஃபாவைச் சுற்றி இரண்டு இணைகளாக நெருங்கியிருக்கின்றன. ஆல்ஃபாவைத் திடீரென அகற்றினால் அவை அந்த அமைப்பிலிருந்தே புறப்படுகின்றன. போகும் வழியில் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இவ்விரண்டை மட்டும் வைத்து, ஒத்ததிர்வு நிலை எதையும் சேர்க்காமல், டூயர் குழு கண்டதைப் போன்ற கூர்மையான முகட்டை அவர்கள் வரவழைத்தார்கள். என் கணிப்பில் இன்றைக்கு வலுவான விளக்கம் இதுதான். புதிதாக எந்த விசையும் கேட்கவில்லை. ஹீலியம்-6 சோதனை காட்டியதோடும் இசைகிறது. இதனால் சோதனையின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை என்றும் சொல்ல வேண்டும். நான்கு நியூட்ரான்கள் மட்டும் தனித்து நிற்கும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல அளவீடு அது.

அதே ஆண்டில் இன்னோர் எண்

2022-இன் தொடக்கத்தில் மியூனிக் அருகே கார்ஹிங்கிலிருந்து ஃபேஸ்டர்மன் குழு வெளியிட்ட முடிவைப் பலர் கவனிக்காமல் விட்டார்கள். லித்தியம்-7 கற்றையை லித்தியம்-7 மேல் மோதினால் சில சமயம் கார்பன்-10 உண்டாகும். மிஞ்சுவது நான்கு நியூட்ரான்கள். கார்பன்-10-இன் ஆற்றலை அளந்ததில் குறுகலான ஒரு முகடு, 3 சிக்மா அளவில்.

இந்த முகட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். கார்பன்-10 தன் அடிநிலையில் இருந்தது என்றால், நான்கு நியூட்ரான்கள் வாசலுக்கு 2.93 எம்.இ.வி. மேலே. கார்பன்-10 முதல் கிளர்நிலையில், 3.35 எம்.இ.வி. உயரத்தில் இருந்தது என்றால், நான்கு நியூட்ரான்கள் வாசலுக்கு 0.42 எம்.இ.வி. கீழே, அதாவது பிணைந்தவை. முகடு குறுகலாக இருந்ததால் ஆய்வாளர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அது சரியென்றால் டெட்ராநியூட்ரான் பீட்டாச் சிதைவு அடையும்வரை நிமிடக்கணக்கில் வாழும். 10⁻²² வினாடி ஒருபுறம், நிமிடங்கள் மறுபுறம். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை. 3 சிக்மா முகடுகள் பல வந்து மறைந்திருக்கின்றன, பைப்பர் காட்டிய தடையும் அப்படியே நிற்கிறது. நான் இதை ஏற்கவில்லை. ஆனால் மறுமுறை அளக்காமல் ஒதுக்குவதும் முறையல்ல.

எதை அளந்தால் தீரும்

ஒரு முகடு உண்மையான ஒத்ததிர்வு நிலையா, அல்லது பிறந்த இடத்தின் சாயலா என்பதைப் பிரிக்க நேரான வழி, பிறக்கும் இடத்தை மாற்றுவது. நிலை என்றால் எங்கிருந்து பிறந்தாலும் ஏறத்தாழ அதே ஆற்றலில் தோன்ற வேண்டும். மூல அணுக்கருவில் நியூட்ரான்கள் இருந்த விதத்தின் சாயல் என்றால், மூலத்தை மாற்றும்போது முகடும் இடம் மாறும், வடிவம் மாறும். 2024-இல் வெளியான மூன்று நியூட்ரான் ஆய்வு இந்த வரிசையில் ஒரு துணைச்சான்று: ரிக்கெனில் டிரைட்டியத்தின் (ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹைட்ரஜன்) மேல் அதன் கருவான டிரைட்டான் கற்றையை மோதி மூன்று நியூட்ரான்களை உண்டாக்கிப் பார்த்ததில் ஒத்ததிர்வு முகடு தென்படவில்லை.

இன்னொரு வழி, நியூட்ரான்களையே நேரில் பிடிப்பது. இது சொல்வதைவிடக் கடினம். ஒரு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு பாதி என்றாலும் நான்கையும் ஒருசேரப் பிடிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். அதைவிட மோசமான சிக்கல், ஒரே நியூட்ரான் கருவியின் ஒரு தண்டில் முட்டி, சிதறிப்போய் அடுத்த தண்டிலும் முட்டி, இரண்டு நியூட்ரான்கள்போல் நடிப்பது. நான்கு ஒளித்துளிகள் தெரிந்தால் வந்தது நான்கா, மூன்றா, இரண்டா? ஒவ்வொரு இணைக்கும் நேரத்தையும் தூரத்தையும் ஒளியளவையும் சோதித்து, போலிகளைக் கழிக்க வேண்டும்.

முடியும் என்பதற்குச் சான்று 2023 ஆகஸ்டில் வந்தது. கோண்டோ தலைமையில் சாமுராயில், ரிக்கெனின் நெபுலா கருவியோடு ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த நியூலாண்ட் கருவியின் ஒரு பகுதியையும் சேர்த்து வைத்து, ஆக்சிஜன்-28 பிரிந்து ஆக்சிஜன்-24 உம் நான்கு நியூட்ரான்களும் ஆவதை, நான்கு நியூட்ரான்களையும் பிடித்தே காட்டினார்கள். அதே ஏற்பாட்டை ஹைட்ரஜன்-7-க்கும் பயன்படுத்தலாம். ஹீலியம்-8-இலிருந்து ஒரு புரோட்டானைத் தட்டியெடுத்தால் கிடைக்கும் ஹைட்ரஜன்-7, ஒரு டிரைட்டானும் நான்கு நியூட்ரான்களுமாகப் பிரியும். அங்கே விடுபட்ட நிறை என்று மறைமுகமாகக் கேட்க வேண்டியதில்லை. நான்கின் உந்தங்களும் கையில் இருக்கும். எந்த இரண்டு எந்த இரண்டோடு நெருங்கிப் பறந்தன என்று இணையிணையாகப் பிரித்துப் பார்க்கலாம். லசௌஸ்காஸ் குழு சொன்ன இரண்டு இணைகள் அங்கே தெரிந்தால், அவற்றைப் பார்ப்பது அதுவே முதல்முறையாக இருக்கும்.